இரவில் எங்கே தங்குகிறோம்?



வரும் கோடையில் நம் சபை மறுபடியும் ஒரு பயணம் புறப்பட இருக்கிறது என்பதை ஞாயிறு அறிவிப்பில் கேட்டிருப்பீர்கள். எந்த நகரம், எத்தனை நாள், என்ன பார்க்கப்போகிறோம் என்று பலரும் என்னிடம் விசாரித்துவிட்டீர்கள். இரவில் எங்கே தங்குவோம் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அது பயணக்குழு பார்த்துக்கொள்ளும் சிறிய காரியம் என்று நாம் நினைக்கிறோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்பினால் ஒரு குடும்பத்திற்குத் தவறு செய்தேன். ஆகையால் இந்த வாரத் தியானத்தை அந்தக் கேள்வியின்மேலேயே எழுதுகிறேன். விடுதி அறையைப்பற்றி ஒரு தியானமா என்று சிரிக்காமல் சற்றுப் பொறுமையாக வாசியுங்கள்.

நமது முதல் வாஷிங்டன் பயணம் உங்களில் பழையவர்களுக்கு நினைவிருக்கும். நியூ ஜெர்சியில் நாம் இருக்கும் இடத்திலிருந்து தலைநகருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பயணம். விடுதியைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பை நானே விரும்பி ஏற்றுக்கொண்டேன். வெள்ளை மாளிகைக்கு நடந்துபோகும் தூரத்தில், நகரின் நடுவில், வரவேற்பு மண்டபத்தில் பெரிய சரவிளக்குத் தொங்கும் ஒரு விடுதியைப் பிடித்தேன். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் வளரும் பிள்ளைகளையும் அப்படிப்பட்ட இடத்தில் தங்கவைக்கிறோம் என்பதில் எனக்குப் பெருமிதம் இருந்தது. உள்ளதைச் சொன்னால், "ஐயா நல்ல இடமாகப் பார்த்திருக்கிறார்" என்று நீங்கள் சொல்லவேண்டும் என்ற ஆசையும் இருந்தது.

அந்த விடுதியில் ஓர் அறைக்கு இரண்டு கட்டில்கள். நான்கு பேருக்குமேல் அனுமதி இல்லை. பாட்டியோ தாத்தாவோ உடன்வரும் குடும்பம் இரண்டு அறைகள் எடுக்கவேண்டும். வாடகைக்குமேல் நகரத்தின் விடுதி வரி ஏறத்தாழ 15 சதவீதம். வண்டியை நிறுத்த ஓர் இரவுக்கு 50 டாலர். காலை உணவுக்குத் தனிக் கட்டணம். ஒரு குடும்பம் உட்கார்ந்து முட்டையும் ரொட்டியும் உண்டு எழுந்தால் ஒரு வாரக் காய்கறிச் செலவு போய்விடும். இவையெல்லாம் எனக்குத் தெரிந்தே இருந்தன. "மூன்று நாள்தானே, ஆண்டுக்கு ஒருமுறைதானே" என்று சொல்லிக்கொண்டேன்.

34 பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். பணம் கட்டவேண்டிய நாள் வந்தபோது 27 பேர் இருந்தார்கள்.

விலகியவர்களில் ஒரு குடும்பத்தைப்பற்றி மட்டும் சொல்கிறேன். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த கணவனின் தாயார், ஆக ஐந்து பேர். ஆராதனை முடிந்து வாசலில் கைகொடுக்கும்போது அந்தச் சகோதரர், "பிள்ளைகளுக்குப் பரீட்சை இருக்கிறது ஐயா, அடுத்த முறை வருகிறோம்" என்றார். மூன்றாம் வகுப்பும் முதல் வகுப்பும் படிக்கும் பிள்ளைகளுக்கு அக்டோபர் மாதத்தில் என்ன பரீட்சை என்று நான் யோசித்திருக்கவேண்டும். யோசிக்கவில்லை. விடுதியில் நமக்கென்று ஒதுக்கிய அறைகள் தீர்ந்திருந்தன. இன்னும் இரண்டு அறைகள் வேண்டுமென்றால் கூடுதல் விலை கொடுக்கவேண்டியிருக்கும் என்று இரண்டு நாளாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அவர் வரவில்லை என்றபோது என் உள்ளத்தில் எழுந்தது வருத்தமல்ல, நிம்மதி. இதை எழுதும்போது இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பயணம் முடிந்து ஐந்து வாரங்களுக்குப்பின் அவர்கள் ஊருக்குத் திரும்புகிறார்கள் என்று கேள்விப்பட்டு வீட்டிற்குப் போனேன். வரவேற்பறை முழுவதும் அட்டைப்பெட்டிகள். பயணத்திற்கு மூன்று வாரம் முன்பே அவருக்கு வேலை போயிருந்தது. வேலை விசாவில் இருப்பவர்களுக்குச் சட்டம் அதிகபட்சமாகக் கொடுக்கும் தவணை 60 நாட்கள் என்பது உங்களில் பலருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அந்த நாட்களுக்குள் வேறு வேலை கிடைக்கவில்லை. "என்னிடம் சொல்லியிருக்கலாமே தம்பி" என்றேன். அவர் ஒட்டுநாடாவைக் கிழித்துக்கொண்டே, கோபமில்லாமல் சொன்னார்: "எப்போது ஐயா சொல்வது? சபையில் எல்லாரும் அந்த ஹோட்டலைப்பற்றித்தானே பேசிக்கொண்டிருந்தார்கள்."

அந்த வாக்கியத்தைச் சுமந்துகொண்டுதான் அன்று வண்டி ஓட்டி வீடு திரும்பினேன்.

வந்த 27 பேருக்காவது அந்த இடம் நன்மை செய்ததா என்று பின்னர் எண்ணிப்பார்த்தேன். பகலில் நாம் ஒன்றாய் இருந்தோம். இரவு ஒன்பது மணியானால் பிள்ளைகள் தூங்கவேண்டும்; ஒரே அறையாதலால் விளக்கை அணைக்கவேண்டும்; அணைத்தபின் பெரியவர்கள் இருட்டில் கைபேசியைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கவேண்டும். நடைகூடத்தில் நின்று பேசினால் மற்ற விருந்தினருக்கு இடைஞ்சல். கீழே வரவேற்பு மண்டபத்தில் உட்கார்ந்தால் பானம் வாங்கவேண்டும். நான் என் மனைவியின் தூக்கம் கெடாதபடி குளியலறைத் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்து ஞாயிறு தியானத்தை ஆயத்தம்பண்ணினேன். ஒரே சபையாய்ப் புறப்பட்டுப் போய், ஒன்பது கதவுகளுக்குப் பின்னால் ஒன்பது குடும்பங்களாய்த் தூங்கிவிட்டு வந்தோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து மறுபடியும் வாஷிங்டன் என்று முடிவானபோது, அலுவலகப் பயணங்களை ஒழுங்குசெய்து பழக்கமுள்ள ஒரு சகோதரி பயணக்குழுவில் இருந்தார். "இந்த முறை நகரத்திற்கு வெளியே, புறநகரில் ஒரு சூட் ஹோட்டல் பார்ப்போம் ஐயா" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. தலைநகரைப் பார்க்கப் போய்விட்டு, அலுவலகக் கட்டடங்களும் கடைத்தெருவும் உள்ள புறநகரில் தங்குவதா என்றேன். அவர் வாதிடவில்லை. ஒரு தாளில் முந்தின பயணத்தின் கணக்கை ஒரு பக்கமும் தம் கணக்கை மறுபக்கமும் எழுதி என் முன்னால் வைத்தார். அந்தத் தாளின் அடியில், முந்தின முறை விலகிய ஏழு பேரின் பெயர்கள் இருந்தன.

அந்த வகை விடுதியைப்பற்றி அறியாதவர்களுக்காகச் சில வார்த்தைகள். வேலை மாற்றலாகி வந்தவர்கள், வீடு கிடைக்கும்வரை வாரக்கணக்கில் தங்கவேண்டியவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இப்படிப்பட்ட விடுதிகள் இந்நாட்டில் எழும்பின. 1975-இல் கான்சாஸ் மாநிலத்து விசிட்டா நகரில் ஜாக் டிபோர் என்பவர் தொடங்கிய ரெசிடென்ஸ் இன் அவற்றில் முன்னோடி. சில நாள் தங்குகிறவனுக்குக் கட்டில் போதும். பல நாள் தங்குகிறவனுக்கு உட்கார ஓர் இடமும், பால் காய்ச்ச ஓர் அடுப்பும் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. ஆகவே படுக்கையறை ஒன்று, அதை ஒட்டி விரித்தால் படுக்கையாகும் சோபாவோடு சிறிய கூடம், ஓரத்தில் குளிர்சாதனப் பெட்டியும் அடுப்பும் கொண்ட சமையல் மூலை. பெரும்பாலும் காலை உணவும் வாடகையில் அடக்கம். புறநகரில் இவை வார நாட்களில் அலுவலகப் பயணிகளால் நிரம்பும். வெள்ளி, சனி இரவுகளில் காலியாகும். நாம் பயணம் போவதோ வார இறுதியில். விலை குறைவதற்கு அதுவே காரணம். தரம் குறைவதால் அல்ல.

'சூட்' என்று நாம் சொல்வதை இந்நாட்டவர் 'ஸ்வீட்' என்றே உச்சரிப்பார்கள். அறிவிப்பைக் கேட்ட நம் பாட்டியம்மா ஒருவர், "அங்கே என்ன இனிப்புக் கொடுப்பார்கள்?" என்று கேட்டதை இன்றும் சொல்லிச் சிரிக்கிறோம்.

நாம் தெரிந்துகொண்ட இடம் மேரிலாந்து மாநிலத்தின் பெதெஸ்டா. நகர மையத்திலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். மெட்ரோ ரயிலின் சிவப்புத் தடத்தில் ஏறினால் ஏறத்தாழ 20 நிமிடத்தில் நகரின் நடுவில் இறங்கலாம். 12 சூட்களில் 41 பேர் தங்கினோம். ஒரு குடும்பத்திற்கு ஆன செலவு முந்தின பயணத்தில் ஆனதில் பாதியைவிடச் சற்றே அதிகம்.

அந்தச் சகோதரி விடுதிக்காரரிடம் கேட்ட கேள்விகளை நான் குறித்து வைத்திருக்கிறேன். நீங்கள் உங்கள் உறவினரோடு பயணம் போகும்போதும் அவை உதவும். முதலாவது, கூடத்திற்கும் படுக்கையறைக்கும் நடுவே சுவரும் கதவும் உண்டா? பெயர்ப்பலகையில் சூட் என்று இருந்தாலும், ஒரே அறையில் சோபாவைப் போட்டு வைத்திருக்கும் இடங்கள் பல. இரண்டாவது, ஆறு பேர் தங்கலாம் என்றால் அந்த ஆறில் எத்தனை பேர் சோபாவில் படுக்கவேண்டும்? முதுகுவலியுள்ள முதியவருக்கு அந்த இடம் ஆகாது. மூன்றாவது, ரயில் நிலையத்திற்கு எத்தனை நிமிட நடை? இதை விடுதிக்காரர் சொல்லைக் கேட்டு எழுதிக்கொள்ளாமல், முன்கூட்டியே போய் ஒரு முதியவரின் நடையில் நடந்து பார்த்தார். பெதெஸ்டா நிலையத்தின் மின்படிக்கட்டு 200 அடிக்கும் மேல் நீளமானது. கீழே பார்த்தால் தலை சுற்றும். லிப்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் அன்றே பார்த்து வைத்தார். நான்காவது, குழுவுக்கான ஒப்பந்தம். பெரும்பாலும் 10 அறைகளுக்குமேல் எடுத்தால் குழு விலை கிடைக்கும். ஆனால் எந்தத் தேதிக்குள் பெயர்களைக் கொடுக்கவேண்டும், சிலர் விலகினால் எத்தனை அறைகளுக்குப் பணம் கட்டாமல் விடலாம் என்பதை எழுத்தில் வாங்கவேண்டும். "கடைசி நேரத்தில் ஒருவருக்கு வரமுடியாமற்போனால் அந்தப் பாரம் அவர்மேல் விழக்கூடாது ஐயா" என்றார் அவர். முந்தின முறை நான் கவலைப்பட்டது பணத்தைப்பற்றி. அவர் கவலைப்பட்டது ஆளைப்பற்றி.

எல்லாம் சீராய் நடந்தது என்று சொல்லமாட்டேன். முதல் மாலை நம் சகோதரிகள் இருவர் சமையல் மூலையில் உப்புமாவுக்குக் கடுகு தாளிக்க, புகை எழும்பி எச்சரிக்கை மணி அலறியது. விடுதி ஊழியர் ஓடிவந்தார். மன்னிப்புக் கேட்டு, அவருக்கும் ஒரு தட்டு உப்புமா கொடுத்தோம். அதன்பின் தயிர்ச்சாதத்தோடும் ஊறுகாயோடும் நிறுத்திக்கொண்டோம். ஒவ்வொரு நாளும் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று நேரம் கழிந்தது உண்மை. விளக்கொளியில் நகரத்தைப் பார்க்கவேண்டும் என்ற வாலிபர்களுக்குப் புறநகர் சற்றுச் சலிப்பாய்த்தான் இருந்தது.

ஆனால் மூன்று காரியங்கள் நடந்தன. நகரின் நடுவே தங்கியிருந்தால் அவை நடந்திருக்கமாட்டா.

காலை உணவுக் கூடத்தில் வயது முதிர்ந்த ஓர் அமெரிக்கப் பெண்மணி தனியாக உட்கார்ந்திருந்தார். பெதெஸ்டாவில்தான் இந்நாட்டின் தேசிய சுகாதார நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே நடக்கும் ஒரு மருத்துவ ஆய்வில் அவருடைய கணவர் சிகிச்சை பெற்றுவந்தார். ஏழு வாரமாக அந்த விடுதியே அவருக்கு வீடு. நம் பாட்டியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் தன் தட்டை எடுத்துக்கொண்டு போய் அவர் அருகில் உட்கார்ந்தார். இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் அறியேன். நாம் கிளம்பிய காலையில் அந்தப் பெண்மணி வாசல்வரை வந்து பாட்டியம்மாவின் கையை நெடுநேரம் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டாவது, ஒருவரும் வேகத்திற்காக விட்டுவிடப்படவில்லை. களைத்தவர்கள் மதியமே திரும்பி வந்து, கூடத்தில் கால் நீட்டி, தேநீர் போட்டுக் குடித்துவிட்டு, மாலையில் மறுபடியும் சேர்ந்துகொண்டார்கள். கைக்குழந்தையோடு வந்த தாய் பாலைச் சூடுபண்ண ஒருவரையும் கெஞ்சவேண்டியதாயிருக்கவில்லை. லிங்கன் நினைவிடத்தில், 1963-இல் மார்ட்டின் லூதர் கிங் நின்று பேசிய படியில், எண்பது வயதுக்காரரும் எட்டு வயதுக்காரரும் சேர்ந்து நின்று எடுத்த படம் இன்று நம் சபை அலுவலகத்தில் தொங்குகிறது. அந்த எண்பது வயதுக்காரர் முதல் பயணத்தில் இல்லை. "உங்களுக்கு இடைஞ்சலாக இருப்பேன்" என்று அப்போது வீட்டிலேயே இருந்துவிட்டார்.

மூன்றாவதை அந்தச் சகோதரரின் அனுமதியோடு எழுதுகிறேன். சனிக்கிழமை இரவு, பிள்ளைகளைப் படுக்கவைத்துவிட்டு அறைக் கதவைச் சாத்தி, கூடத்தில் ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தோம். மாலை ஜெபம் முடிந்துவிட்டது. பேச்சு பருவநிலையிலும் பள்ளிக்கூடத்திலும் சுற்றிக்கொண்டிருந்தது. பத்தரை மணியளவில், இரண்டு ஆண்டுகளாக ஆராதனைக்கு வந்தும் ஒருவரோடும் அதிகம் பேசாத ஒருவர் மெல்லச் சொன்னார்: "என் அம்மாவின் அடக்கத்திற்கு நான் போகவில்லை. போனால் விசா முத்திரைக்காக அங்கேயே மாட்டிக்கொள்வேன் என்று பயந்து போகாமல் இருந்துவிட்டேன். கைபேசியில்தான் பார்த்தேன். அன்றிலிருந்து எனக்கு ஜெபிக்க வாய் வரவில்லை ஐயா."

ஒருவரும் அவருக்கு வசனம் சொல்லவில்லை. அருகிலிருந்தவர், தம் தந்தைக்கும் அப்படியே ஆயிற்று என்றார். மற்றொருவர் எழுந்து பால் காய்ச்சினார். ஒரு மணிக்குத்தான் எழுந்தோம். மறுநாள் காலை அந்தக் கூடத்திலேயே நடந்த சிறிய ஆராதனையில் அவர் தாமாகவே ஜெபித்தார். நான்கு வாக்கியங்கள் இருக்கும்.

பிள்ளைகள் தூங்கும் அறைக்கு ஒரு கதவு. பெரியவர்கள் விளக்கெரியவிட்டு உட்கார ஓர் இடம். அந்த மனிதருடைய பாரம் இறங்குவதற்குத் தேவைப்பட்டது அவ்வளவே. என் பிரசங்கங்கள் இரண்டு ஆண்டுகளில் செய்யாததை ஒரு சாத்திய கதவு செய்ய இடங்கொடுத்தது.

ஊர் திரும்பியபின் சுவிசேஷங்களைத் திறந்து, நம் ஆண்டவர் எருசலேமுக்குப் போனபோது எங்கே தங்கினார் என்று தேடிப் பார்த்தேன். இறையியல் கல்லூரியில் படித்த நாட்களிலிருந்து எத்தனையோ முறை வாசித்த பகுதிதான். இந்தக் கண்ணோடு வாசித்ததில்லை. பஸ்கா பண்டிகைக்கு நகரம் நிரம்பி வழிந்தது. அவர் பன்னிருவரோடு வந்திருந்தார். பகலெல்லாம் தேவாலயத்தில் போதித்துவிட்டு, மாலையானதும் நகரத்தைவிட்டுப் புறப்பட்டுப் பெத்தானியாவுக்குப் போனார் என்று மத்தேயுவும் மாற்கும் எழுதுகிறார்கள். ஒலிவமலையின் கீழ்ச்சரிவில் இருந்த சிற்றூர் அது. கிரேக்க மூலத்தில் யோவான் கொடுக்கும் தூரம் 15 ஸ்தாதி. ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். பெத்தானியா என்ற பெயருக்கு எளியோரின் வீடு என்று பொருள் கொள்ளும் அறிஞரும் உண்டு. மார்த்தாள், மரியாள், லாசருவின் வீடு அங்கே இருந்தது. குஷ்டரோகியாயிருந்த சீமோனின் வீடும் அங்கேதான் இருந்தது.

தம் வாழ்நாளின் கடைசி வாரத்தில், நகரத்தின் ஆரவாரத்திற்குப்பின் அவர் ஒவ்வொரு மாலையும் நடந்து திரும்பிய இடம் அது. நகரத்தில் அவரைக் கேள்விகேட்டுச் சிக்கவைக்கப் பார்த்தார்கள். பெத்தானியாவில் அவருக்கு முன்பாக உணவு வைத்தார்கள். ஒரு பெண் விலையேறப்பெற்ற தைலத்தை அவர்மேல் ஊற்றினாள். அடக்கம்பண்ணப்படுவதைப்பற்றி அவர் அங்கே, அந்தப் பந்தியில், வெளிப்படையாகப் பேசினார்.

நகரத்திற்குள் தங்குவதே தவறு என்று இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். பஸ்கா ஆட்டுக்குட்டியை எருசலேமுக்குள் உண்பதே முறை. ஆகவே அந்த ஓர் இரவுக்கு நகரத்திற்குள்ளேயே மேல்வீட்டில் பெரிய அறையொன்றை ஆயத்தம்பண்ணச் சொல்லி, இரண்டு சீஷர்களை முன்னதாக அனுப்பினார். வாலிபர் மட்டும் போகும் பயணமானால், அல்லது அதிகாலையில் நகரில் ஒரு வேலை இருந்தால், நகரின் நடுவே தங்குவதே நல்லது. யார் வருகிறார்கள், எதற்காக வருகிறார்கள் என்று பார்த்து இடத்தைத் தெரிந்தெடுக்கவேண்டும். நான் முதல் முறை பார்த்தது சரவிளக்கை.

இன்னொரு காரியம் எனக்குப் புதிதாய்த் தென்பட்டது. நம் தமிழ் வேதாகமத்தில் இயேசு பிறந்தபோது இடமில்லாமற்போன இடமும் சத்திரம். நல்ல சமாரியன் காயப்பட்டவனைக் கொண்டுபோய்ச் சேர்த்த இடமும் சத்திரம். கிரேக்கத்தில் இரண்டும் வெவ்வேறு சொற்கள். பெத்லகேமில் வருவது 'கத்தலூமா', விருந்தினர் தங்குமிடம். மேல்வீட்டறையைக் குறிக்க ஆண்டவர் சொல்லும் சொல்லும் அதுவே. சமாரியனின் கதையில் வருவது 'பந்தொகேயோன்'. அதன் வேரைப் பிரித்தால், எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் இடம் என்று பொருள். சமாரியன் இரண்டு பணத்தை முன்னதாகக் கொடுத்து, குறைவதைத் திரும்பி வரும்போது தருகிறேன் என்றான். காயப்பட்டவனிடத்தில் கணக்குக் கேட்கவில்லை.

பெதெஸ்டா என்ற ஊருக்கு அப்பெயர் எப்படி வந்தது என்று அந்தப் பயணத்தில் தெரிந்துகொண்டேன். 1820-இல் அங்கே கட்டப்பட்ட பிரெஸ்பிட்டேரியன் ஆலயம் ஒன்றுக்குப் பெதெஸ்டா என்று பேரிட்டிருந்தார்கள். 1871-இல் அவ்வூரின் அஞ்சல் அதிகாரி அந்த ஆலயத்தின் பெயரையே ஊருக்கு வைத்தார். நாம் வேதாகமத்தில் பெதஸ்தா என்று வாசிக்கும் அதே பெயர். இரக்கத்தின் வீடு என்று அதற்குப் பொருள் சொல்வர். அந்தக் குளத்தருகே 38 வருடமாய் வியாதியோடு படுத்திருந்த மனிதன் ஆண்டவரிடத்தில் சொன்ன குறை உங்களுக்குத் தெரியும். தண்ணீர் கலங்கும்போது தன்னைக் கொண்டுபோய் விட ஒருவருமில்லை. தான் எழுந்து போவதற்குள் வேறொருவன் முந்திக்கொள்கிறான். இரக்கத்தின் வீடு என்ற பெயர்ப்பலகையின் கீழேயே அவன் அத்தனை காலம் கிடந்தான்.

நாம் சபை என்ற பெயர்ப்பலகையின் கீழ் இருக்கிறோம். நடக்கக்கூடியவர்கள் முந்திக்கொள்கிறோம். பின்தங்குகிறவர் பெரும்பாலும் முறையிடுவதில்லை. பரீட்சை இருக்கிறது என்பார், உங்களுக்கு இடைஞ்சலாக இருப்பேன் என்பார், அடுத்த முறை வருகிறேன் என்பார். அந்தச் சொற்களைக் கேட்டதும் நிம்மதியடையாமல், நின்று இன்னொரு கேள்வி கேட்பதைத்தான் நான் அந்தக் குடும்பத்தினிடத்தில் கற்றுக்கொண்டேன். அவர்கள் இப்போது ஊரில் நலமாயிருக்கிறார்கள். கிறிஸ்துமஸ்தோறும் பேசுகிறோம். இதை எழுதுவதற்குமுன் அவரிடமும் அனுமதி கேட்டேன். "எழுதுங்கள் ஐயா, ஆனால் பேர் வேண்டாம்" என்றார்.

வரும் கோடைப் பயணத்திற்குப் பயணக்குழு மூன்று புறநகர் விடுதிகளைப் பார்த்திருக்கிறது. அறைகளைப் பதிவுசெய்யுமுன் உங்களில் யார் யார் வரமுடியாது என்று நினைக்கிறீர்களோ அவர்களோடு முதலில் பேச விரும்புகிறேன். வருகிறவர்களின் பட்டியலை அப்புறம் எழுதிக்கொள்ளலாம். பணம் காரணமானால் என்னிடமோ பொருளாளரிடமோ தனியே சொல்லுங்கள். அது எங்களைவிட்டு வெளியே போகாது. கால் வலி காரணமானால் உங்கள் நடைக்கு ஏற்றபடி நேரத்தை வகுப்போம். மனம் காரணமானால், கூடத்தில் ஒரு நாற்காலி உங்களுக்காக இருக்கும். பேசவேண்டிய கட்டாயம் இல்லை. வசதியுள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் அறைக்குக் கட்டும்போது, இன்னொரு குடும்பத்தின் இரவு ஒன்றுக்கும் சேர்த்துக் கட்ட முடியுமா என்று வீட்டில் கலந்து யோசியுங்கள். யாருக்கு என்று கேட்கவேண்டாம்.

ஜெபிப்போம். எங்கள் பரம பிதாவே, நகரத்தின் நடுவே உழைத்து, இரவில் எளியவர்களின் வீட்டில் இளைப்பாறின உம்முடைய குமாரனுக்காக ஸ்தோத்திரம். எங்களில் பின்தங்கி நிற்கிறவர்களைக் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். அவர்கள் சொல்லாமல் விட்டதைக் கேட்கும் செவிகளைத் தாரும். நாங்கள் தங்கும் இடமெல்லாம் எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் இடமாக இருக்க உதவி செய்யும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்